மாயச் சதுரங்கத்தின் இலக்கணம்

வெள்ளவத்தையில் வாழும் ஒருவர் பல மாதம் முயன்று ஒரு சதுரங்கப் புதிரை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனை ஓர் அஞ்சலட்டையில் வரைந்து, கொட்டாஞ்சேனையில் உள்ள தம் நண்பருக்கு அனுப்புகிறார். “வெள்ளை முதலில் ஆடும், மூன்றாம் நகர்வில் கறுப்பரசனுக்கு இறுதி முற்றுகை. விதி: மதராசி” என்பதே அட்டையில் உள்ள வாசகம். சில நாட்கள் கழித்து நண்பரின் விடை வந்து சேருகிறது. அந்த விடையில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அது புதிரை அமைத்தவர் எண்ணிய விடை அன்று.

சதுரங்கப் புதிருக்கு இதனினும் பெரிய கேடு வேறில்லை. புதிர் என்றால் அதற்கு விடை ஒன்றே இருத்தல் வேண்டும். எண்ணாத இரண்டாவது விடை ஒன்று தோன்றிவிட்டால் அத்தனை மாத உழைப்பும் பாழ். அமைத்தவர், “நண்பர் விதியை மீறிவிட்டார்” என்கிறார். நண்பரோ, “நான் அறிந்த மதராசி விதிப்படியே ஆடினேன்” என்கிறார். இருவரும் உண்மையே பேசுகின்றனர். அவ்வாறாயின் குற்றம் எங்கே இருக்கிறது? ஒரே பெயரால் வழங்கும் இரண்டு விதிகளை வேறுபடுத்திக் காட்டாத அந்த அட்டையில் இருக்கிறது. விதிகளையும் காய்களையும் வகைப்படுத்திப் பெயரிடுவது வீண் புலமை அன்று என்பதற்கு இந்தக் கற்பனை வழக்கே போதிய சான்றாகும். மதராசி என்பது யாது, இவ்வழக்கை எவ்வாறு தீர்ப்பது என்பவற்றைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், இத்தகைய விதிகள் பிறந்த உலகத்தைச் சற்று அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

சதுரங்கப் புதிர் என்பது ஆடி முடிந்த ஆட்டத்தின் துண்டு அன்று. அது ஒருவர் தனியே இருந்து யாத்த செய்யுளைப் போன்றது. பலகையில் சில காய்கள். அவற்றின் கீழே ஒரு கட்டளை. அமைத்தவரும் விடை காண்பவரும் ஒருவரையொருவர் காணாமலே போகலாம். 1845ஆம் ஆண்டில், தில்லியில் இருந்த ஹென்றி ஆகஸ்டஸ் லவ்டே என்னும் பாதிரியார் ஒரு புதிரை அமைத்து, புனைபெயரில் இலண்டனில் உள்ள சதுரங்கப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். “இந்தியப் புதிர்” என்று உலகம் இன்றும் போற்றுவது அதுவே. அந்தக் காகிதத்தில் விதி எதனையும் விளக்கவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. தில்லியில் ஓடும் குதிரைதான் இலண்டனிலும் ஓடியது. விதி இருவருக்கும் பொதுவாக இருந்தமையால் புதிர் மட்டும் கடல் கடந்தால் போதியதாயிற்று.

ஆனால், பொது விதியை விட்டு விலகி, புதிய காய்களையும் புதிய கட்டளைகளையும் படைத்தோர் பலர் தோன்றினர். எதிரியைத் தோற்கடிப்பதற்கு மாறாக, இரு தரப்பும் கூடி ஒத்துழைத்துக் கறுப்பரசனை முற்றுகைக்கு உள்ளாக்கும் “உதவிப் புதிர்” ஒன்றை அமெரிக்கப் புதிர் அறிஞர் சாம் லொயிட் 1860இல் வெளியிட்டார். இத்தகைய புதுமைகளுக்கெல்லாம் பொதுவாக ஆங்கிலத்தில் தேவதைகளின் சதுரங்கம் என்று பொருள்படும் பெயரை 1914இல் சூட்டியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹென்றி டேட் என்பவர். தமிழில் அதனை மாயச் சதுரங்கம் எனலாம்.

இத்தகைய விளையாட்டு தமிழுக்குப் புதியதன்று. தண்டியலங்காரம் முதலிய அணிநூல்கள் கூறும் சித்திரகவியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. உதடு ஒட்டாத எழுத்துகளால் மட்டும் பாடுவது நிரோட்டகம். பாம்பின் வடிவில் எழுத்துகளை அடைப்பது நாகபந்தம். புலவன் தனக்குத் தானே விலங்கு பூட்டிக்கொண்டு ஆடும் நடனம் இது. ஆனால் இன்ன விலங்கு என்று முதலிலே சொல்லிவிடல் வேண்டும். நிரோட்டகம் என்று அறிவித்த பிறகே, அதில் பகரமும் மகரமும் வாராமையைக் கேட்போர் வியக்க முடியும். பெயர் தெரியாத கட்டுப்பாட்டை எவரும் பாராட்ட இயலாது. மாயச் சதுரங்கமும் அத்தகையதே.

மாயச் சதுரங்கத்தின் புதுமைகள் இன்று நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன. எனினும் அவற்றை நான்கு பெரும் பிரிவுகளுள் அடக்கிவிடலாம். முதலாவது, பலகையின் மாற்றம். பலகையின் இடவோரத்தையும் வலவோரத்தையும் உருளை போல ஒட்டிவிட்டதாகக் கொண்டால், இடப்புறம் வெளியேறும் கோட்டை வலப்புறமாக உள்ளே வரும். இரண்டாவது, நோக்கத்தின் மாற்றம். மேற்கூறிய உதவிப் புதிர் இவ்வகையினது. தன் அரசனையே முற்றுகையிடுமாறு எதிரியை வற்புறுத்தும் புதிரும் இவ்வகையினதே. மூன்றாவது, காய்களின் மாற்றம். நான்காவது, விதிகளின் மாற்றம். புதிய விதி ஒன்றைக் கேள்விப்படுபவர், “இது எதனை மாற்றுகிறது? இடத்தையா, நோக்கத்தையா, காயையா, நடையையா?” என்று வினவினால், பாதி மயக்கம் அப்பொழுதே நீங்கிவிடும்.

காய்களின் பிரிவு மிக அழகானது. கொழும்பு நகரத்துத் தெருக்களைக் கொண்டே அதனை விளக்கலாம். காலி வீதியில் ஓடும் பஸ் வண்டியை நோக்குங்கள். வழி திறந்திருக்கும்வரை அது நேரே ஓடும். முன்னால் ஒரு வண்டி மறித்தால் நின்றுவிடும். இஃது “ஓடும் காய்”. கோட்டை, அமைச்சர், அரசி ஆகிய மூன்றும் ஓடும் காய்களே. இனி, ஒரு கூரையிலிருந்து மற்றொரு கூரைக்குப் பறக்கும் காகத்தை நோக்குங்கள். இடையில் என்ன இருக்கிறது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. இது “தாவும் காய்”. குதிரை இவ்வினத்தது. மூன்றாவதாக, வெள்ளவத்தைக் கால்வாயைக் கடக்க விரும்பும் பாதசாரியை எண்ணுங்கள். பாலம் இருந்தால் கடப்பார். இல்லையேல் நின்ற இடத்திலேயே நிற்பார். இடையில் ஒரு காய் பாலமாகக் கிடந்தாலன்றி நகராத காய்கள் உண்டு. அவை “தாண்டும் காய்கள்”. சீனச் சதுரங்கத்தில் பீரங்கி என்னும் காய், பிற காயை வெட்டும்போது இம்முறையைப் பின்பற்றும். நம் ஊர் ஆடு புலி ஆட்டத்தில், ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள வெற்றிடத்தில் குதித்து அந்த ஆட்டையே கொல்லும் புலியும் இக்குடும்பத்துக்கு உறவுதான். பாலத்தைக் கடந்தவுடனே பாலத்தை உடைத்துவிடும் இனம் அது. மாயச் சதுரங்கத்தில் அவ்வாறு வெட்டும் காய்க்குப் பெரும் வெட்டுக்கிளி என்று பெயர்.

இப்பிரிவு வெறும் அடுக்கல் அன்று. தாவும் காயின் பாய்ச்சலை இரண்டு எண்களால் குறிக்கலாம். குதிரை ஒரு திசையில் ஒன்றும் குறுக்கே இரண்டுமாகத் தாவுகிறது. ஆதலால் அதன் எண் ஒன்று–இரண்டு. பாரசீகர் ஆடிய பழைய சதுரங்கத்தில் யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவியது. அதன் எண் இரண்டு–இரண்டு. அந்த யானை அறுபத்துநான்கு கட்டங்களுள் எட்டை மட்டுமே தன் வாழ்நாளில் மிதிக்க முடியும். அதே ஆட்டத்தில் இன்றைய அரசியின் இடத்தில் நின்ற மந்திரி, மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தார். அவர் எண் ஒன்று–ஒன்று. இன்று நாம் இயல்பானவை என்று கருதும் அரசியும் அமைச்சரும் இப்போதைய நடையைப் பெற்றது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில். அன்று அவை மாயக் காய்கள். இன்று வழக்கக் காய்கள். இயல்புக்கும் மாயத்துக்கும் இடையே உள்ள வேலி காலத்தால் இடம் மாறுவது என்பதை இந்த எண்வரிசை தெளிவாக்குகிறது.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு தாவலைத் திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் தொடர்ந்தால் ஓடும் காய் பிறக்கிறது. நேரே ஒரு கட்டம் செல்லும் தாவலைத் தொடர்ந்தால் கோட்டை. மூலைவாட்டில் ஒரு கட்டம் செல்லும் தாவலைத் தொடர்ந்தால் அமைச்சர். அங்ஙனமாயின் குதிரையின் தாவலைத் தொடர்ந்தால்? அந்த ஆசனம் வழக்கச் சதுரங்கத்தில் வெறுமையாகக் கிடந்தது. 1925இல் ஒருவர் அதில் ஒரு காயை அமர்த்தினார். அதற்கு இராக்குதிரை வீரன் என்று பெயர். இடக்கீழ் மூலையில் அதனை வைத்தால், குதிரைப் பாய்ச்சலாக மூன்று முறை ஒரே வீச்சில் சென்று, நான்காம் நிரலின் ஏழாம் நிரையை அது அடையும். வழியில் அது கால் வைக்கும் கட்டங்கள் காலியாக இருந்தால் போதும். பட்டியல் ஒழுங்காக இருந்தமையால் வெற்றிடம் கண்ணுக்குப் பட்டது. வெற்றிடம் பட்டமையால் புதிய காய் பிறந்தது.

அந்த ஆசனத்தை நிரப்பியவர் தோமஸ் ரேனர் டோசன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்தவர். 1889 முதல் 1951 வரை வாழ்ந்தவர். அரசியின் திசைகளில் சென்று, ஒரு காயைத் தாண்டி அடுத்த கட்டத்திலேயே இறங்கும் வெட்டுக்கிளி என்ற காயை 1913இல் புதிரில் அறிமுகம் செய்தவரும் அவரே. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட புதிர்களை அவர் அமைத்தார்; அவற்றுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை மாயப் புதிர்கள். 1930இல் தொடங்கிப் பின்னர் மாயச் சதுரங்கத்தின் பெயரையே தாங்கிய பத்திரிகையை இறக்கும்வரை நடத்தினார்.

இவ்வளவும் அவருடைய ஓய்வுநேர வேலை. சோறு போட்ட தொழில் வேறு. அது நம் இலங்கைக்கு மிக நெருங்கியது. டோசன் இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இரசாயன அறிஞர். பிரித்தானிய இறப்பர் உற்பத்தியாளரின் ஆராய்ச்சிச் சங்கத்தில், உலகெங்கிலுமிருந்து வந்து குவியும் இறப்பர் பற்றிய ஆய்வுச் செய்திகளைத் திரட்டும் பகுதிக்குத் தலைவராக இருந்தார். 1930களில் அச்செய்திகளை வகைப்படுத்துவதற்கு அவர் வகுத்த முறை டோசன் முறை என்றே வழங்கியது. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அதன் பின் இத்தீவில் பரந்த தோட்டங்களின் இறப்பர், கொட்டாஞ்சேனையை அடுத்த கொழும்புத் துறைமுகத்தின் வழியாகவே உலகெங்கும் சென்றது. பகலில் இறப்பரின் பண்புகளைப் பகுத்துப் பெயரிட்ட கை, இரவில் மாயக் காய்களைப் பகுத்துப் பெயரிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைத் தேடும் ஆலைக்காரருக்கும் விடை தேடும் புதிர்ப் பிரியருக்கும் வேண்டுவது ஒன்றே: தாம் தேடும் பொருள் அதற்குரிய இடத்தில், அதற்குரிய பெயரோடு இருத்தல்.

இனி மதராசிக்கு வருவோம். விதி மாற்றம் என்னும் நான்காம் பிரிவில், தமிழ் நிலத்தின் பெயரைத் தாங்கிய விதி இது. 1979இல் அப்துல் ஜபார் கர்வட்கர் என்பவர் வகுத்தார்; மதராஸ் நகரின் பெயரே அதற்கு வாய்த்தது. 1996இல் அந்நகரின் ஆங்கில வழக்கும் சென்னை என்று மாறிற்று; சதுரங்கப் பட்டியலில் மட்டும் மதராசி இன்றும் மதராசியே.

விதி மிக எளியது. ஒரு காய், தன் இனத்தைச் சேர்ந்த எதிரிக் காயின் தாக்குதலுக்கு உட்பட்டால் அது உறைந்துவிடும். உறைந்த காய் நகராது, வெட்டாது, முற்றுகையும் இடாது. கோட்டையைக் கோட்டை கண்டால் இரண்டும் உறையும். குதிரையைக் குதிரை கண்டாலும் அவ்வாறே. வேறு இனக் காய் தலையிட்டு அவற்றுள் ஒன்றை வெட்டினாலோ, இடையில் மறைத்து நின்றாலோ உறைவு நீங்கும்.

நேயர்கள் பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் இதன் நயத்தை நேரிலே காணலாம். வெள்ளையின் பக்கம் அமர்ந்து, நிரல்களை இடமிருந்து வலமாகவும் நிரைகளைக் கீழிருந்து மேலாகவும் எண்ணுக. கறுப்பரசன் ஏழாம் நிரலில் எட்டாம் நிரையில் நிற்கிறான். அவனுக்கு முன்னே ஏழாம் நிரையில், ஆறாம், ஏழாம், எட்டாம் நிரல்களில் அவனுடைய காலாட்கள் மூவர். கறுப்புக் கோட்டை முதல் நிரலில் ஐந்தாம் நிரையில். வெள்ளையரசன் ஏழாம் நிரலில் முதல் நிரையில். வெள்ளைக் கோட்டை ஐந்தாம் நிரலில் முதல் நிரையில். வெள்ளை அமைச்சர் ஆறாம் நிரலில் மூன்றாம் நிரையில். வெள்ளைக் கோட்டை நேரே மேலேறி எட்டாம் நிரையை அடைகிறது. வழக்க விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்தது. கறுப்பரசனுக்கு ஓட இடமில்லை. குறுக்கே நிற்க ஆளும் இல்லை.

மதராசியில் அது முடிவன்று. கறுப்புக் கோட்டை வெள்ளைக் கோட்டையைக் காணும்படி நின்றால் போதும். வெள்ளைக் கோட்டை உறைந்து, முற்றுகை கரைந்துவிடும். அதற்கு இரண்டு வழிகள் உள. கறுப்புக் கோட்டை தன் நிரலிலேயே எட்டாம் நிரைக்கு ஏறலாம். அல்லது ஐந்தாம் நிரையிலேயே வலப்புறம் சென்று ஐந்தாம் நிரலை அடையலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதல் வழியைத் தேர்ந்தால், மூலைவாட்டில் காத்திருக்கும் வெள்ளை அமைச்சர் பாய்ந்து அந்தக் கோட்டையை வெட்டுவார். அக்கணமே வெள்ளைக் கோட்டை உறைவு நீங்கி விழித்தெழும், இறுதி முற்றுகை. இரண்டாம் வழியோ அமைச்சரின் கோட்டுக்கு அப்பால் உள்ளது. அதுவே உய்யும் வழி. யாரும் யாரையும் அடைத்து மறிக்காமல், ஒருவரையொருவர் காண்பதனாலேயே ஆட்டம் திரும்பிவிடுகிறது.

இப்பொழுது வெள்ளவத்தை அஞ்சலட்டைக்குத் திரும்புவோம். கொட்டாஞ்சேனை நண்பர் செய்தது இதுதான்: வெள்ளையரசனைக் கறுப்பரசனுக்கு அடுத்த கட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். “அரசனை அரசன் கண்டான், இருவரும் உறைந்தனர். உறைந்த அரசன் முற்றுகையிட மாட்டான். ஆகவே இது தகும். கறுப்பரசன் இனி அசைய முடியாதவன்” என்பது அவர் வாதம். அமைத்தவரோ, “உறைவு அரசர்களுக்கு இல்லை, அரசனும் அரசனும் அடுத்தடுத்து நிற்பது எக்காலத்தும் தகாது” என்றார். மாயச் சதுரங்கத்தின் பட்டியல் இவ்விரண்டையும் அறியும். அரசர்களை விலக்கியது வெறும் மதராசி. அரசர்களும் உறைவது “அரசரும் உட்பட்ட மதராசி” என்னும் தனி வகை. ஆதலால் தீர்ப்பு வெள்ளவத்தையார் பக்கமே. நண்பர் தவறியது ஆட்டத்தில் அன்று. கிளைவகையைத் தலைவகையாகக் கொண்டதில். ஆயினும் வெள்ளவத்தையார், “அரசர் உறையார்” என்ற இரு சொற்களை அட்டையில் சேர்த்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. கிளைவகை உள்ள விதியைக் கையாளுவோர் அதனைத் தெளிவாகக் குறித்தல் கடன்.

ஒரு விதிக்கு ஒழுங்கான இடம் கிடைத்துவிட்டால் அதற்குச் சுற்றமும் தோன்றுகிறது. மதராசியைத் தலைகீழாக்கினால் என்ன? எதிரியின் ஒத்த இனக் காயைத் தாக்கும் நிலையை உண்டாக்கும் நகர்வையே தடைசெய்யும் விதி ஒன்று அவ்வாறு எழுந்தது. அதற்கு இட்ட பெயர் இசர்தாம். ஆங்கில எழுத்துகளில் மதராசி என்பதைப் பின்னிருந்து படித்தால் வருவது. மாலைமாற்றுப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தரின் மொழியைப் பேசுவோருக்கு இந்தக் குறும்பு அயலாகத் தோன்றாது.

இன்று மாயப் புதிர்களின் விடைகளைச் சோதிக்கக் கணினி நிரல்கள் உள்ளன. 1980களில் தோன்றிய பொப்பாய் என்னும் நிரல் அவற்றுள் புகழ்பெற்றது. எண்ணாத இரண்டாம் விடைகளை அது இரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த இயந்திரமும், அரசர் உறைவரா மாட்டாரா என்பதை முதலிற் சொல்லும்படி கேட்கும். நண்பர் ஊகித்துக்கொள்ளலாம், இயந்திரம் ஊகிக்காது. வகைப்படுத்தும் வேலையை மனிதரே செய்து கொடுத்தாக வேண்டும்.

கற்பனைக்குக் கட்டுப்பாடு பகை என்று எண்ணுவோர் உளர். மாயச் சதுரங்கத்தின் வரலாறு அதற்கு மாறானதைக் காட்டுகிறது. குதிரையையும் கோட்டையையும் எண்களால் அளந்து வரிசையில் நிறுத்தியவரே இராக்குதிரை வீரனைக் கண்டார். விதியின் பெயரைத் துல்லியமாகச் சொன்னவரே தூரத்து நண்பரை வியக்க வைத்தார். வெள்ளவத்தையார் தம் புதிரை மீண்டும் எழுதி, அடுத்த அஞ்சலட்டையை அனுப்பட்டும். இம்முறை கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் விடை, அவர் எண்ணிய அந்த ஒரே விடையாக இருக்கும்; அல்லது விடை காண இன்னும் ஒரு வாரம் தவணை கேட்கும் கடிதமாக இருக்கும். புதிர் அமைத்தவருக்கு இரண்டுமே வெற்றிதான்.